ஊரும் தொழிலும் மக்களும்

பூம்புகாரின் அமைப்பைச் சிலப்பதிகாரம் பயின்ற நேயர்கள் நன்கு அறிவர். கடற்கரையை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். அதற்கு மேற்கே பட்டினப்பாக்கம். இரண்டிற்கும் நடுவே மரச் சோலையில் நாளங்காடி. நெசவாளரும் கொல்லரும் தச்சரும் மீன் விற்போரும் கடல் கடந்து வந்த வணிகரும் முன்னதில் வாழ்ந்தனர்; அரசனும் பெருவணிகரும் மறையோரும் உழவரும் பின்னதில் வாழ்ந்தனர். அந்நகரைப் பாடிய மற்றொரு நூலாகிய பட்டினப்பாலையோ நகருக்கு வெளியேயும் நம்மை அழைத்துச் செல்கிறது. உப்பை விற்று, அதற்கு ஈடாக நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகுகளை அந்நூலில் காண்கிறோம். கடற்கரையில் உப்பு விளைகிறது. உள்நாட்டில் நெல் விளைகிறது. இவ்விரண்டின் பரிமாற்றத்தில் நகரம் பிழைக்கிறது.

எத்துணைப் பெரிய நகரமாயினும் அது தன் சுற்றுப்புறத்தை நம்பியே வாழ்கிறது என்னும் உண்மை இதனால் விளங்கும். ஆகவே ஒரு நகருக்கு வளர்ச்சித் திட்டம் வகுப்போர் அதன் எல்லைக் கல்லோடு நின்றுவிட இயலாது. சுற்றியுள்ள சிற்றூர்களையும், அங்கு விளையும் பொருளையும், அங்கிருந்து வேலை தேடி வரும் மக்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்த எளிய உண்மையைப் பம்பாய் மாநகரம் நூறாண்டுகளுக்கு மேலாகப் பலமுறை கற்றும் மறந்தும் வந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டில் மும்பை எனப் பெயர் பெற்ற அந்நகரின் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அந்நகரின் திட்ட வரலாறு அவ்வகையில் நம் வரலாறும் ஆகும்.

அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு ஒரு சொல் அடிக்கடி எதிர்ப்படும். அதனை முன்னாளில் ‘அபிவிருத்தி’ என்றனர். பின்னர் ‘முன்னேற்றம்’ என்றனர். அதன்பின் ‘வளர்ச்சி’, இப்போது ‘மேம்பாடு’. சொல் மாறியதே அன்றி, யாருடைய மேம்பாடு, எதனால் மேம்பாடு என்னும் வினாக்கள் மாறவில்லை. அவ்வேடுகளில் ‘குடியிருப்பு’ என்பதற்கு ஒரு பத்தியும், ‘தொழிற்கூடம்’ என்பதற்கு மற்றொரு பத்தியும் ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே அறையில் அடங்கிய தாராவி வீட்டை எந்தப் பத்தியில் எழுதுவது? நகரத் திட்டத்தின் சிக்கல் முழுவதும் இக்கேள்வியில் இருக்கிறது எனலாம்.

இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் முதன்மையானவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். உயிர்நூற் புலவராக வாழ்க்கையைத் தொடங்கி நகர அமைப்பியலுக்கு வந்தவர் அவர். சென்னை ஆளுநராக இருந்த பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியாவிற்குப் புறப்பட்டார். உலக நகரங்களைப் பற்றி அவர் அரும்பாடுபட்டுத் திரட்டிய படங்களும் வரைபடங்களும் தனிக் கப்பலில் வந்தன. அக்கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்று கடலில் மூழ்கடித்தது. அப்போர்க்கப்பல்தான் அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசி, நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட எம்டன்! கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் தம் கண்காட்சியை நடத்தினார். பின்னர்ச் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தென்னாட்டுக் கோயில் நகரங்களின் அமைப்பு அவரைப் பெரிதும் கவர்ந்தது. 1919 முதல் 1924 வரை அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக விளங்கினார்.

கெடிஸ் கற்பித்த பாடம் மூன்று சொற்களில் அடங்கும்: இடம், தொழில், மக்கள். ஓர் ஊரைத் திருத்த விழைவோர் முதலில் அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்தையும் நேரிற் கண்டு அளந்தறிய வேண்டும். அங்கு என்ன தொழில் நடக்கிறது, அதனால் யார் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை உணர வேண்டும். அதன் பின்னரே கோடு கிழிக்க வேண்டும். நேரான பெருஞ்சாலை வேண்டுமென்று தெருத் தெருவாக இடித்துத் தள்ளுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். நல்ல மருத்துவன் நோயுற்ற பகுதியை மட்டும் அறுத்து உடலைக் காப்பது போல, ஊரையும் சிறிது சிறிதாகச் செப்பனிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இம்மூன்று சொற்களையும் அளவுகோலாகக் கொண்டு பம்பாயின் திட்டங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

ஏழு தீவுகளாகக் கிடந்த பம்பாய் 1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கடல் தூர்க்கப்பட்டுத் தீவுகள் ஒன்றாயின. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு இந்நாட்டின் முதற் பயணிகள் ரயில் ஓடியது. மறு ஆண்டில் காவஸ்ஜி நானாபாய் தாவர் நூற்பாலைக்கு அடிகோலினார். 1861-இல் அமெரிக்காவில் மூண்ட உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி செல்வது தடைப்பட்டது. பம்பாய் வணிகர்களிடம் பொன் குவிந்தது. ஆலைகள் பெருகின. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் உழைப்பாளிகள் வந்து குவிந்தனர். அவர்களுக்கு வேலை இருந்தது, இருக்க இடமில்லை. ஓர் அறையில் இரு குடும்பங்கள் முடங்கின. 1896-இல் மாண்டுவிப் பகுதியில் தோன்றிய கொள்ளைநோய் பல்லாயிரவரை மாய்த்தது. அஞ்சிய மக்கள் ஊரை விட்டு ஓடினர். ஆலைகள் ஆளின்றி நின்றன. தொழிலாளி இல்லையேல் தொழில் இல்லை என்பதை ஆள்வோர் அப்போதுதான் உணர்ந்தனர்.

அந்த அச்சத்தில் பிறந்ததே 1898-இல் அமைந்த பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட். காற்றுப் புக வேண்டுமென்று நெரிசலான பேட்டைகளை ஊடறுத்துச் சாலைகள் அமைத்தது. பிரின்ஸஸ் தெருவும் சாண்டர்ஸ்ட் சாலையும் அவ்வாறு எழுந்தவை. இடிக்கப்பட்ட இடங்களில் வாழ்ந்த ஏழைகளுக்கு ஈடான வீடுகள் எழவில்லை என்ற குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. பக்கத்துப் பேட்டைகளுக்கு அவர்கள் நகர, அங்கு நெரிசல் முன்னிலும் மிகுந்தது. வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை டிரஸ்ட் மனைகளாகப் பிரித்தது. அகன்ற சாலைகள், மர வரிசைகள், ஐந்து பூங்காக்கள், கிங்ஸ் சர்க்கிள் என்னும் வட்டம் ஆகியவற்றுடன் மாட்டுங்கா உருப்பெற்றது.

புதுமனைகளில் குடியேறியோருள் நம்மவர் பலர். ரயில்வே அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் பணி ஏற்றுத் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தோர் இங்கே ஓர் ஊரையே சமைத்தனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகமும், 1952-இல் சண்முகானந்த சபாவும் தோன்றின. மாட்டுங்கா நன்கு திட்டமிட்ட ஊர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கெடிஸின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அங்கே இடம் இருந்தது, மக்களும் இருந்தனர்; தொழில் மட்டும் தெற்கே கோட்டைப் பகுதியில் இருந்தது. காலையில் அனைவரும் தெற்கு நோக்கி ரயில் ஏறுவதும், மாலையில் வடக்கு நோக்கித் திரும்புவதும் அன்று தொடங்கின. இன்றும் ஓயவில்லை.

மாட்டுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருப்பது தாராவி. மித்தி ஆறும் மாகிம் கழியும் சூழ்ந்த அச்சதுப்பு நிலத்தில் கோலி மீனவர்கள் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். நகரம் தனக்கு வேண்டாதவற்றை வடக்கு எல்லைக்கு ஒதுக்கிய காலத்தில், 1887-இல் அங்கே முதல் தோல் பதனிடும் கூடம் எழுந்தது. பாந்திராவில் கால்நடைகள் அறுக்கப்பட்டன. தோல் தாராவிக்கு வந்தது. அத்தொழிலில் கைதேர்ந்த தமிழ் முஸ்லிம்களும், திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிட உழைப்பாளிகளும் வந்து சேர்ந்தனர். தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் சொல்லும் 1876-78 பஞ்சத்திற்குப் பின் நம் நாட்டு உழவுக் கூலிகள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிதறிய கதை நேயர்களுக்குத் தெரியும். பம்பாய்க்கு வந்தோரும் அந்த அலையைச் சேர்ந்தவரே. சௌராட்டிரத்துக் குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். பின்னாளில் தையலும், பழம்பொருள் பிரித்தலும், பலகாரத் தொழிலும் வளர்ந்தன. விடியுமுன் இட்டிலி அவித்துத் தூக்கில் ஏந்தி நகரெங்கும் விற்கச் செல்வோரும், முறுக்குச் சுற்றிக் கடைகளுக்கு அனுப்பும் பெண்களும் தாராவியின் பொருளியலைத் தாங்கும் தூண்கள். அங்கே தொழில் உண்டு, மக்கள் உண்டு, இடம் மட்டும் சட்டப்படி அவர்களுடையது ஆகவில்லை. எந்தத் திட்டமும் இன்றித் தொழில் தழைத்தது. திட்டம் இல்லாமையால் குடிநீரும் கழிவுநீரும் கழிப்பிடமும் பெருந்துயராயின.

ஒரே நகரம் சிறு தொலைவில் பெற்ற இரு பிள்ளைகள் மாட்டுங்காவும் தாராவியும். ஒன்றுக்குச் சாலை போட்டுக் கொடுத்து ஆள் அழைத்தது. மற்றொன்றில் ஆள் வந்து சேற்றைத் தூர்த்துத் தாமே சாலை கண்டனர். நம் இனத்தவரே இரண்டிலும் வாழ்ந்தும், ஒருவர் தெருவை மற்றவர் அறியாது இருந்த காலம் நெடியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

விடுதலைக்குப் பின் நாடெங்கும் திட்டச் சிந்தனை மலர்ந்தது. மாநகராட்சிப் பொறியாளர் என். வி. மோடக்கும் அமெரிக்க நகர அமைப்பாளர் ஆல்பர்ட் மேயரும் 1948-இல் பெரும்பம்பாய்க்கு ஒரு முதன்மைத் திட்ட வரைவை அளித்தனர். தீவு நகரின் நெரிசலைப் புறநகர்களும் துணைநகரங்களும் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 1950-இலும் 1957-இலும் மாநகராட்சியின் எல்லை வடக்கே விரிந்தது. எஸ். ஜி. பார்வே தலைமையில் அமைந்த குழு, தாணாக் கழியின் மீது பாலம் அமைத்துக் கிழக்குக் கரையை வளர்க்கலாம் என 1959-இல் பரிந்துரைத்தது. பொருளியல் அறிஞர் த. ரா. காட்கீல் தலைமையிலான குழு 1966-இல் இன்னும் ஆழமாக நோக்கியது. தொழில்கள் அனைத்தும் பம்பாயில் குவிவதைத் தடுத்து, வட்டாரத்திலுள்ள பல ஊர்களிலும் பரவச் செய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வாண்டே மகாராட்டிர வட்டார, நகர அமைப்புச் சட்டம் நிறைவேறியது. ‘வட்டாரம்’ என்ற சொல் சட்டத்தின் பெயரிலேயே இடம் பெற்றது சிறு செய்தியன்று.

இதற்கிடையில் செம்பூரும் மாறியது. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்கு அங்கே முகாம் அமைந்தது. அதனை அடுத்த டிராம்பேயில் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. அணுசக்தி நிலையம் 1954-இல் அங்கே தோன்றியது. இன்று அது பாபா அணு ஆராய்ச்சி மையம். பின்னர் உரத் தொழிற்சாலையும் வந்தது. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அலுவலர்களுமாகத் தமிழர் பலர் செம்பூரில் குடியேறினர். அங்கே தொழிலும் வீடும் அருகருகே அமைந்தன, காற்றுத்தான் கெட்டது. எதிர்பாராத ஒரு பின்விளைவும் நேர்ந்தது. தான்சாக் குடிநீர்க் குழாயின் ஓரத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளை அப்புறப்படுத்திய காலத்தில், அவர்களுக்கு மாற்று வீடுகளை ஆலைகளை ஒட்டிய மாகுலில் கொடுத்தனர். அங்கு வாழ இயலாது என்று அவர்கள் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுவரும் கூரையும் உள்ள வீடு கிடைத்தும் பழைய வேலைக்கும் பள்ளிக்கும் தொலைவு, மூச்சுக்கும் கேடு. வீட்டை மட்டும் எண்ணிக் கொடுப்பது திட்டமாகாது என்பதற்கு மாகுல் ஒரு சான்று.

இனி, அக்கரையில் எழுந்த புதிய நகரைக் காண்போம். பம்பாய் தெற்கு வடக்காக நீண்ட ஒரு முனை, அலுவலகங்கள் தென் நுனியில், மக்கள் வடக்கே. இது மாறவேண்டுமாயின் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் புதிய நகரம் ஒன்று வேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் படேல் ஆகிய மூவரும் 1965-இல் ‘மார்க்’ இதழில் எழுதினர். வட்டாரத் திட்ட வாரியம் அக்கருத்தை ஏற்றது. 1970-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் நகர், தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் சுருக்கப் பெயர் சிட்கோ. அதே ஒலியுடைய தமிழ்நாட்டுச் சிறுதொழில் நிறுவனம் வேறு. தாணா, கொலாபா மாவட்டங்களில் 95 சிற்றூர்களை உள்ளடக்கிய 344 சதுர கிலோமீட்டர் நிலம் புதுநகருக்கெனக் குறிக்கப்பட்டது. 20 இலட்சம் மக்களுக்கு வாழ்வளிப்பது அதன் இலக்கு.

திட்டத்தின் பொருளியல் எளிது. உழவு நிலத்தை அரசு குறைந்த விலைக்கு வாங்கும். சாலை, நீர், மின்சாரம் அமைக்கும். மதிப்பு உயர்ந்த மனைகளை விற்கும். அவ்வருவாயால் நகரைக் கட்டும். ஆயினும் மனை விற்க வேண்டுமானால் அங்கே வேலை இருக்க வேண்டும். அரசின் தலைமை அலுவலகங்களே அக்கரைக்குப் போகும். வணிக நிறுவனங்கள் பின்தொடரும் என்று எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. அதே ஆண்டுகளில் தென் நுனியில் கடலைத் தூர்த்து நாரிமன் முனையில் வானளாவிய அலுவலகங்கள் எழுந்தன. அரசும் அசையவில்லை. ஒரு கை அக்கரையில் நகரம் கட்ட, மறு கை இக்கரையில் அதன் தேவையைக் குறைத்தது. பிற்பாடு தாராவிக்கு வடக்கே, மித்தி ஆற்றின் அக்கரையில் பாந்திரா-குர்லா வணிக வளாகமும் வளர்ந்தது.

புதிய பம்பாய்க்கு உயிர் கொடுத்தவை வேறு மூன்று. நகரின் நடுவே நெருக்கியடித்து நடந்த மொத்த வணிகச் சந்தைகள் 1980-களிலும் 1990-களிலும் படிப்படியாக வாஷிக்கு மாறின. வெங்காயமும் உருளைக்கிழங்கும் தானியமும் பழமும் அங்கே வந்து இறங்கின. சுமை தூக்குவோர்க்கும் வண்டிக்காரர்க்கும் சிறு வணிகர்க்கும் பிழைப்பு உண்டாயிற்று. 1989-இல் நவா சேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 1992-ஆம் ஆண்டு மே மாதத்தில் மான்கூர்டிலிருந்து கழியைக் கடந்து வாஷிக்கு ரயில் ஓடியது. சந்தை, துறைமுகம், ரயில் ஆகிய இம்மூன்றும் வந்த பின்னரே மக்கள் வந்தனர். 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி நவி மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இடம் போதாத தமிழ்க் குடும்பங்கள் பல வாஷிக்கும் நேருலுக்கும் பெயர்ந்தன. மாட்டுங்காவில் பிறந்த தென்னிந்தியக் கல்விக் கழகம் நேருலிலும் கல்லூரிகளை நிறுவியது.

வரைபடத்தில் வெற்று நிலமாகத் தோன்றிய இடத்தில் உண்மையில் உழவரும் உப்பள உழைப்பாளிகளும் ஆக்ரி, கோலி மக்களும் வாழ்ந்தனர். நிலம் போயிற்று, ஈட்டுத் தொகை சிறிது, புதுநகரின் அலுவலக வேலைக்குரிய கல்வி அவர்களிடம் இல்லை. தி. பா. பாட்டீல் என்னும் தலைவரின் கீழ் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1984 ஜனவரியில் ஜாசைப் பகுதியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அதன் பின்னரே, எடுத்த நிலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காட்டை வளர்ச்சி பெற்ற மனையாக உரியவர்க்கே திருப்பித் தரும் முறை உருவாயிற்று. முதலிலேயே எண்ணியிருக்க வேண்டிய நீதி ஐந்து உயிர்களுக்குப் பின்னரே ஏட்டில் ஏறியது. இடத்தை முன்னிட்டு, தொழிலைத் தாமதித்து, மக்களை மறந்த திட்டத்தின் விலை அது.

இக்குறைகள் பம்பாய்க்கே உரியவை என்று நம் தாயகத்தார் மகிழ வேண்டியதில்லை. கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இருக்கும் திருப்பூரைக் காணுங்கள். பருத்தி விளையும் வட்டாரமும், ரயில் வசதியும், உழவர் குடியினரின் ஊக்கமும் கூடியதால் அச்சிறு நகரம் பின்னலாடை ஏற்றுமதியில் உலகப் பெயர் பெற்றது. எந்த அரசும் கோடு கிழித்துத் தராத வளர்ச்சி அது. ஆயினும் சாயக் கழிவு நொய்யலாற்றில் கலந்தது. ஆற்றின் குறுக்கே உழவுக்கென 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஊர் முழுவதும் வேலையின்றித் தவித்தது. நகரின் தொழிலும் வட்டாரத்தின் ஆறும் ஒரே கணக்கில் எழுதப்படாததால் இரு பக்கமும் இழப்பு நேர்ந்தது. கழிவுநீரை முற்றும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டிற்குப் பின்னரே ஆலைகள் மீண்டும் இயங்கின.

திருப்பூரைப் பற்றி வெளிமாநிலத் தமிழராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. இன்று அங்கே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பெருந்தொகையினர். நம் பாட்டனார் தாராவியில் வாழ்ந்தது போல் அவர்கள் ஓர் அறையில் பலராக வாழ்கின்றனர். மொழி தெரியாத ஊரில் கடிதமும் பணமும் வீட்டுக்கு அனுப்புகின்றனர். மும்பையில் நமக்கு இடமும் மதிப்பும் கேட்கும் நாம், திருப்பூரில் அவர்களுக்கும் அதனையே கேட்டல் முறை.

இப்போது மீண்டும் தாராவி. 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் ஒரு பகுதி தாராவிக்குச் சென்றது. சாலை, வடிகால், சில கட்டடங்கள் எழுந்தன. 2004-இல் முழுமையான மறுகட்டமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தப் புள்ளிகள் பலமுறை கோரப்பட்டுக் கைவிடப்பட்டன. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு ஒப்பந்தப் புள்ளியுடன் அதானி குழுமம் அதனைப் பெற்றது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும் என்பது விதி. பின்னர் வந்தோர்க்கும் மாடித் தளத்தில் வாழ்வோர்க்கும் மாநகரின் பிற இடங்களில் வேறு ஏற்பாடு.

கழிப்பிடத்திற்கு வரிசையில் நின்று தேய்ந்த கால்களுக்குத் தனி வீடு பெரும்பேறு. அதனை யாரும் எள்ளி நகையாட வேண்டாம். ஆயினும் குயவரின் சூளை ஏழாம் மாடிக்கு ஏறுமா? முறுக்குப் பிழியும் அம்மாளுக்குக் காயவைக்க முற்றம் கிடைக்குமா? தோல் பை தைக்கும் கூடத்திற்கும் அதற்கு வார் வெட்டித் தரும் கூடத்திற்கும் இடையே இருந்த பத்தடித் தெரு, பத்து கிலோமீட்டராக நீண்டால் அத்தொழில் நிற்குமா? தாராவியின் சிறப்பு, ஒருவர் கழிவு மற்றவர்க்கு மூலப்பொருளாகும் அண்டை உறவில் இருக்கிறது. குடும்பங்களைக் கணக்கெடுப்பது போல் அவ்வுறவுகளையும் கணக்கெடுத்து, குடியிருப்புக்கு அருகே தரைத் தளத்திலேயே தொழிற்கூடங்களை ஒதுக்கி, யார் எங்கே பெயர்ந்தாலும் பிழைப்பு அறாமல் காப்பது திட்ட அமைப்போரின் முதற் கடமை. வாஷியில் மக்களுக்கு முன் சந்தை வந்தது. மாகுலில் வேலையின்றி வீடு மட்டும் வந்தது. எது ஊராயிற்று, எது சிறையாயிற்று என்பது கண்கூடு.

இன்னும் ஒன்று கூறி அமைவோம். தாராவிக்கு மக்களை அனுப்பிய திருநெல்வேலி வட்டாரமும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பாபநாசத்தில் அருவி நீரின் விசையால் ஆலை ஓடியது. தாழையூத்தில் சிமெண்டுத் தொழிற்சாலை வந்தது. மணிமுத்தாறு அணை எழுந்தது. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. ஒவ்வொன்றும் நன்றே. ஆயினும் ஆலையும் அணையும் துறைமுகமும் நிலமற்ற கூலியின் சேரி வாசல் வரை வந்து சேராததால் பம்பாய் ரயிலில் இடம் பிடிப்போர் குறையவில்லை. பெருநகரின் குடிசையை அங்கேயே திருத்திவிட முடியாது. அதன் ஒரு கால் அனுப்பிய கிராமத்தில் இருக்கிறது. சிறு நகரங்களையும் அவற்றின் சுற்றூர்களையும் சேர்த்து வளர்க்கும் திட்டம் ஏழைக்கு இரு வழிகளைத் திறக்கும்: விரும்பினால் போகலாம், விரும்பினால் இருக்கலாம். நம் முன்னோர்க்கு முதல் வழி மட்டுமே இருந்தது.

நம் குடியிருப்புச் சங்கங்களின் கூட்டத்திற்கு இனி ஏதேனும் ஒரு திட்ட ஏடு வருமாயின், அதன் அழகிய படங்களைக் காணுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. இந்த இடம் யாருடையது? இங்கே என்ன தொழில் நடக்கும்? அத்தொழிலால் வாழப்போகும் மக்கள் யார்? மூன்றில் ஒன்றுக்கேனும் விடை இல்லையாயின், அவ்வேட்டை எழுதியவரிடமே திருப்பி அனுப்பி, எழுதி முடித்துக் கொண்டுவரச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.